சம்பளம் தரலாம், சங்கம் கூடாதாம்!

1955-ம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ ராஜ்யத்தில் ரே டெனிசன் என்ற கல்லூரி மாணவர், தன் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடுகையில் தலையில் அடிபட்டு மாண்டார். அவருடைய மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டார். 1957-ல் அந்த ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட் கையை விரித்துவிட்டது. கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லையாம். ஆகவே மாண்டவர் தொழிலாளி அல்லவாம்!

வியாபாரம் இல்லையா? கல்லூரி விளையாட்டுகளை ஆளும் ஸ்தாபனம் என்.சி.ஏ.ஏ. அது ஆண்டுதோறும் நடத்தும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமைக்கு 2010-ல் பேசிய விலை, 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர்! பல ராஜ்யங்களில் சர்க்கார் சம்பளப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு அல்ல, சர்வகலாசாலைப் பயிற்சியாளருக்கு. பயிற்சியாளருக்குக் கோடி, டிக்கெட் கிழிப்பவருக்குக் கூலி, மண்டை உடைபவனுக்கு மட்டும் விளையாட்டு உணர்ச்சி!

இந்த மோசடிக்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். நஷ்டஈட்டு வழக்குகளுக்கு அஞ்சி, என்.சி.ஏ.ஏ.யின் தலைமை நிர்வாகி வால்ட்டர் பையர்ஸ் காலத்தில் 'மாணவ-வீரர்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூலி கேட்பவனிடம் "நீ எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா?" என்று தட்டிக்கொடுக்கும் முதலாளியின் தந்திரமே இது. கூலி கேட்காதவரை வீட்டுப் பிள்ளை. கேட்டால் நன்றி கெட்டவன்!

"உபகாரச் சம்பளம் கொடுக்கிறோமே, படிப்பு கொடுக்கிறோமே" என்பார்கள். 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டு காலம் அந்த உபகாரச் சம்பளம் ஓராண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு கிடைக்குமா என்பது பயிற்சியாளரின் கண்ணசைவில் இருந்தது. நினைத்தபோது நிறுத்தக்கூடியதை உபகாரம் என்பதா, சவுக்கு என்பதா?

நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் கால்பந்து வீரர்கள் ஆட்டக் காலத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் உழைத்தார்கள். 2014-ல் சங்கம் கேட்டார்கள். அவர்கள் தொழிலாளரே என்று தேசியத் தொழிலுறவு வாரியத்தின் வட்டார அதிகாரி தீர்ப்பளித்தார். வீரர்கள் ஓட்டும் போட்டார்கள். ஓட்டுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். 2015-ல் மேல் வாரியம் இந்த விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. அந்த ஓட்டுகள் எண்ணப்படவே இல்லை. ஜனநாயகத்துக்குக் காவலர் என்று மார்தட்டும் தேசத்தின் லட்சணம் இது!

பிறகு டார்ட்மவுத் கல்லூரி. அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்யும் மாணவர்கள் 2022-ல் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதே கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்ற ஓட்டில் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தட்டுக் கழுவும் மாணவனுக்குச் சங்கம் உண்டு. பந்து எறியும் மாணவனுக்கு இல்லை என்று கல்லூரி அடம்பிடித்தது. கூடைப்பந்தில் நஷ்டம் என்று கணக்குக் காட்டியது. முதலாளி நஷ்டக் கணக்குக் காட்டினால் தொழிலாளி தொழிலாளியாக இல்லாமல் போய்விடுவானா? டிரம்ப் நியமிக்கப் போகும் வாரியம் பாதகமான தீர்ப்புத் தரும் என்று அஞ்சி, அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று சங்கத்தார் மனுவைத் திரும்பப் பெற நேர்ந்தது.

இடையில் பணப்பெட்டி சிறிது திறந்தது உண்மையே. கல்வி சம்பந்தமான உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. வரம்பு கட்டியது சட்டவிரோதம் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள். 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசப்படி, பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் பாக்கி தர வேண்டும். ஒவ்வொரு சர்வகலாசாலையும் முதலாண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பகிரலாம்.

வழக்காடிப் பெற்ற இந்தப் பணத்தை நாம் அற்பமாகச் சொல்லவில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது யார்? சர்வகலாசாலை! முழங்கால் முறிந்தவனுக்கு நஷ்டஈடு உண்டா, பயிற்சி நேரத்துக்கு வரம்பு உண்டா என்று மேஜைக்கு எதிரே அமர்ந்து பேச வீரருக்கு இடம் இல்லை. 2025-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்த ஒரு மசோதா, வீரர்களைத் தொழிலாளராகக் கருதக்கூடாது என்றே எழுதியது. பணத்தை விட்டுக்கொடுப்பவர்கள் பெயரை விட்டுக்கொடுக்க ஏன் அஞ்சுகிறார்கள்? கொடுத்த கையால் பணத்தைப் பிடுங்கலாம். தொழிலாளி என்ற பெயரோடு சங்கம் வந்துவிட்டால் பிடுங்க முடியாது. ரகசியம் அவ்வளவுதான்.

டெனிசனின் மனைவி பிச்சை கேட்கவில்லை. உழைத்தவனின் உரிமையைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. சங்கம்தான் அந்தப் பதிலை வாங்கித் தரும்.