பழைய விசைப்படகில் கொதிக்கும் என்ஜின்: கோளாறு சின்னது... ஆபத்து பெரிசு!

ராமேசுவரம்:
ரோட்டில் லாரி நின்றால் ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். பாக் ஜலசந்தியில் விசைப்படகு நின்றால் ஓரமே கிடையாது. காற்றும் நீரோட்டமும் தள்ளுற பக்கம்தான் படகு போகும்.

அந்தப் பக்கம் சர்வதேச கடல் எல்லையாக இருந்தால் சிக்கல்தான். எல்லை தாண்டும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை இலங்கை 2018-ம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி பல மடங்கு உயர்த்தியது. படகு பறிபோனால் ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு போச்சு. இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு ரப்பர் துண்டாகக்கூட இருக்கலாம்.

காரணம் என்ன?

கடல் தண்ணீரை இழுத்துக் குளிரவைக்கும் என்ஜினுக்கு முதல் எதிரி அடைப்பு. பாக் ஜலசந்தியில் ஆழம் குறைவு. பாசி, மணல், பிளாஸ்டிக் பை எல்லாம் வந்து வடிகட்டியை அடைக்கும். அடுத்தது தண்ணி பம்பு. உள்ளே சுற்றும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீக்கிரமே கருகிவிடும். அதன் இதழ் உடைந்தால் புதுசு மாட்டினால் மட்டும் போதாது. உடைந்த துண்டு கூலர் குழாயில் போய் அடைத்திருக்கும். அதைத் தேடி எடுக்காவிட்டால் மறுபடியும் சூடுதான்.

பெல்ட் தளர்வு, கூலரில் உப்பு படிவது, தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொள்வது ஆகியவையும் காரணங்கள். விசிறியில் வலை சுற்றினாலோ, படகின் அடியில் சிப்பி அப்பினாலோ என்ஜினுக்கு பாரம் கூடும். அப்போதும் சூடு ஏறும்.

எல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கணும். தண்ணீர் தொட்டியில் ஓயாமல் குமிழி வருவதும், ஆயில் பால் கலந்த மாதிரி வெளுப்பதும் அதற்கு அடையாளம். இந்த நிலையில் கடலுக்குப் போகவே கூடாது.

செய்யக் கூடாதது

சூடாக இருக்கும்போது தொட்டி மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். கரை பக்கம்தானே என்று ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை என்ஜினையே இறக்குவதில் போய் முடியும். வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, நங்கூரம் போட்டு ஆறவிடுவதுதான் வழி. நங்கூரம் போட்டால் எல்லைப் பக்கம் இழுபடுவதும் குறையும்.

61 நாள் கையில் இருக்கு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம். 45 நாளாக இருந்தது 2017-ல் 61 நாளாகக் கூடியது. அந்த நாட்களில் படகுக்கு பெயிண்ட் அடிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை கூலர் சுத்தம் செய்வதில் காட்டினாலே போதும். ஓடாத சூடு மீட்டரை மாற்றி, ஒரு அலாரமும் பொருத்தலாம். கடலுக்குப் போகும்போது ஒரு இம்பெல்லரும் ஒரு பெல்ட்டும் கூடுதலாகப் படகில் இருக்கணும்.

அதையும் மீறி நின்றுவிட்டால், கரைக்கு சிக்னல் கிடைக்கும்போதே கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். எல்லைக்குப் பக்கத்தில் போன பிறகு சொல்வதைவிட, நின்ற உடனே சொல்வதுதான் படகையும் ஆளையும் காப்பாற்றும்.