அம்மையார் ஏறிய மலை



ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு இந்த இதழ் உங்களிடம் வருகிறது. பிச்சாண்டவர் வீதியுலாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசிய கைகள் இன்னும் மணக்கும். மாங்கனிக் கதை நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதன் பிற்பகுதியைத்தான், காரைக்கால் அம்மையாரான புனிதவதியார் வீட்டையும் உறவையும் விட்டு வடக்கே போனதைத்தான், நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இறைவன் வாழும் மலையைக் காலால் மிதிக்க அஞ்சி அம்மையார் தலையால் நடந்து ஏறினார் என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். கடற்கரை ஊரில் பிறந்த ஒரு பெண் கயிலை மலை ஏறினார் என்ற நினைப்பே எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மெய்சிலிர்ப்பைத் தருகிறது.

ஏனென்றால் நம் காரைக்கால் சமதரை. அரசலாறு கடலில் சேரும் இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் கலங்கரை விளக்கமும் கோபுரங்களும் தென்னைகளும்தான் உயரம். இந்தத் தரையில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது முதுகுப்பையும் கூடாரமுமாக இமயமலைக்குக் கிளம்புகிறார்கள். 2020 முதல் நின்றிருந்த கயிலை யாத்திரையும் 2025-இல் மீண்டும் தொடங்கியிருக்கிறது. லிபுலேக் கணவாய் வழியாக 5 குழுக்கள், நாதுலா வழியாக 10 குழுக்கள், குழுவுக்கு 50 பேர் என்று அந்த ஆண்டு வெளியுறவு அமைச்சகம் ஏற்பாடு செய்தது. கயிலையைச் சுற்றிவரும் பாதை சுமார் 52 கிலோமீட்டர். அதன் உச்சியான டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம் கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான்.

அப்படிப்பட்ட உயரத்தில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கின் மேல்கோடியில், காங் யாட்சே சிகரத்தின் அடியில், நிமாலிங் என்றொரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 4,700 மீட்டர். கோடையில் கீழூர்க்காரர்கள் ஆடுகளையும் யாக்குகளையும் ஓட்டிக்கொண்டு வந்து தங்குவார்கள். அங்கே நடந்துபோகிறவர் விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிவிட வேண்டும். காரணம், வழியில் கடக்க வேண்டிய ஆறு. பனி உருகி வரும் நீர் இரவுக் குளிரில் குறைந்துவிடும், வெயில் ஏற ஏறப் பெருகும். காலையில் முழங்காலளவு ஓடிய இடத்தில் பிற்பகலில் கால் வைக்க முடியாது. மேட்டூர் திறந்து நாள்கணக்கில் வந்து சேரும் தண்ணீரைப் பார்த்தே பழகிய நமக்கு, ஒரே பகலில் ஏறி இறங்கும் ஆறு புதிது.

கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, சில நாள் உணவு என்று முதுகில் 15 கிலோவாவது இருக்கும். அடிக்கடி நிற்கத் தோன்றும், நிற்கலாம். கூட வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே இடம் பார்த்துவிட வேண்டும். காய்ந்த ஓடைப்படுகை பார்க்கச் சமமாக இருக்கும், ஆனால் அதில் கூடாரம் அடிக்கக் கூடாது. கல் உருளும் சரிவின் அடியும் ஆகாது. மேய்ச்சல்காரரைக் கேட்டால் நல்ல இடம் காட்டுவார், கேட்டுவிட்டுத் தங்குவதுதான் மரியாதையும்கூட. மலங்கழிக்க ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய்க் குழி தோண்டி மூட வேண்டும். அந்த ஓடையைக் குடிக்கும் ஊர்கள் கீழே இருக்கின்றன. மேலே இருப்பவர்கள் தண்ணீரை எப்படி நடத்த வேண்டும் என்று கடைமடைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு சோறு. அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் அரிசியாகவே நிற்கும். சின்ன பிரஷர் குக்கரைச் சுமக்க முடியாதென்றால் அவல் கொண்டுபோங்கள். வெந்நீர் ஊற்றினால் போதும், கனமும் குறைவு.

இரவில்தான் சமவெளிக்காரருக்குப் பயம் வரும். பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு சில நொடிகள் நின்றுபோகும், பின் பெரிதாக இழுத்துக்கொண்டு திரும்பும். முதன்முதலில் அதைக் கேட்ட இரவில் நான் எழுந்து உட்கார்ந்து நண்பரின் மார்பில் கைவைத்துப் பார்த்தேன். உயரத்தில் உறங்குகிறவர்களுக்கு இது சகஜம், பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியவை வேறு: குறையாத தலைவலி, வாந்தி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இருமல், நேர்க்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம். நுரையீரலில் நீர் கோப்பதையும் மூளை வீங்குவதையும் இவை முன்கூட்டிச் சொல்கின்றன. 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து திடீரென மேலே அனுப்பப்பட்ட நம் வீரர்கள் பட்ட பாடு இதுதான். அந்த நோயைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969-இல் வெளியிட்ட ஆய்வை உலகமே படித்தது. மருந்துகள் உண்டு, ஆனால் முதல் மருந்து கீழே இறங்குவது. இரவானாலும் இறங்க வேண்டும்.

இதில் என்னை வருத்துவது நம் பிள்ளைகளின் அவசரம். வாரவிடுமுறையோடு நான்கு நாள் சேர்த்து, டெல்லியிலிருந்து விமானத்தில் 3,500 மீட்டர் உயர லே நகரில் இறங்கி, மறுநாளே மலையேறக் கிளம்புகிறார்கள். பணம் கட்டியாயிற்று, லீவு முடிகிறது, படம் போட வேண்டும் என்று தலைவலியோடு மேலே போகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். சமவெளி உடம்பிடம் மலை கேட்கும் காலம் அது.

பெரியபுராணத்திலேயே இன்னொரு கயிலைப் பயணமும் இருக்கிறது. திருநாவுக்கரசர் எனும் அப்பர் கால் தேய நடந்து, கையால் ஊர்ந்து, மார்பால் நகர்ந்து, உருண்டு, கடைசியில் அசைய முடியாமல் கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொன்னார். அப்பர் முதலில் மறுத்தார். பிறகு அருளாணைக்கு இணங்கி அங்கிருந்த பொய்கையில் மூழ்கி, நம் காவிரிக்கரைத் திருவையாற்றில் எழுந்தார், கயிலைக் காட்சியை அங்கேயே கண்டார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். ஏறியவரையும் திரும்பியவரையும் ஒரே நூல் ஒரே அன்போடு பாடுகிறது. மலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது கதையைத்தான் நான் அதிகம் சொல்வேன்.

இமயத்துக்கு முன் பக்கத்து மலைகளில் பழகிக்கொள்ள நினைப்பவர்கள், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயையும் அதில் போன 23 உயிர்களையும் மறக்கக் கூடாது. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் அரசே 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அவற்றில் தொடங்குங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கூடாரம் அடிக்காதீர்கள்.

இந்த ஆண்டு கிளம்புகிறவர்களிடம் நான் கேட்பது, பயணத் திட்டத்தில் இரண்டு நாள் உபரியாக வையுங்கள், போகும் பாதையையும் திரும்பும் தேதியையும் எழுதி வீட்டில் கொடுங்கள். பெற்றோர்களே, பிள்ளை போன் செய்து “முடியலம்மா, திரும்பி வர்றேன்” என்றால், ஏன் என்று கேட்காமல் “வா” என்று சொல்லுங்கள்.