பதிவிடும் பொறுப்பு யாருடையது?

நம் பொது நூலகங்கள் சமூக ஊடகத்துக்கு வரலாமா, வேண்டாமா என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறோம். நாம் பேசி முடிக்கட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. எத்தனையோ கிளை நூலகங்களுக்குக் கூகுள் மேப்பில் வாசகர் ஒருவரே இடம் குறித்துவிட்டார். திறக்கும் நேரத்தை இன்னொருவர் தமக்குத் தெரிந்த வரையில் போட்டிருக்கிறார். வார விடுமுறையன்று பேருந்து ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர், அதன் கீழே ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். எந்த நூலகத்தில் உட்கார இடம் கிடைக்கும், எங்கே மின்விசிறி ஓடும் என்பதையெல்லாம் போட்டித் தேர்வர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பேசிக்கொள்கிறார்கள். ஆக, நூலகம் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது. நூலகத்தின் சார்பில் அங்கே பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

இதற்கு நம் துறை வழக்கமாகக் கையாளும் மருந்து, பயிற்சி முகாம். ஒரு நாள் முழுவதும் பதாகை வடிவமைப்பது எப்படி, ரீல்ஸ் எடுப்பது எப்படி என்று சொல்லித் தருகிறோம். முகாம் முடிந்த வேகத்தில் கணக்கு தொடங்கப்படுகிறது. நான்கைந்து பதிவுகளோடு அது உறங்கிவிடுகிறது. நூலகர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்று இதற்குக் காரணம் கற்பிப்பது நியாயமில்லை. அவர்களில் பெரும்பாலோர் சொந்தக் கணக்கில் நன்றாகவே எழுதுகிறார்கள். அலுவலகத்தின் பெயரில் எழுதும்போதுதான் கை நிற்கிறது. பதிவு நன்றாகப் போனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு சொல் தவறாகப் போனால் விளக்கம் கேட்டு மெமோ வரும். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு பணிபுரியும் ஒருவருக்கு, எதைச் சொல்லலாம் என்று எழுத்தில் இல்லாதபோது எதையும் சொல்லாமலிருப்பதே புத்திசாலித்தனம். அந்தத் தயக்கத்தை மனத்தடை என்று கருதி உற்சாகப் பேச்சால் போக்க முயல்வது வீண். தயக்கம் அமைப்பிலிருந்து வருகிறது. அமைப்புதான் அதை நீக்க முடியும். யார், எதை, யாருடைய அனுமதியின்றிப் பதிவிடலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதே முதல் வேலை. பயிற்சி அதற்குப் பிறகு.

தயங்கிய ஒரு பெரிய நிறுவனம் எப்படி இறங்கியது என்பதற்கு நம் துறையிலேயே நன்கு பதிவான சான்று ஒன்று உண்டு. 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன்னிடமிருந்த ஏறத்தாழ 3,000 பழைய ஒளிப்படங்களை ஃபிளிக்கர் தளத்தில் வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பெய்ன் செய்தி நிறுவனப் படங்கள் ஒரு பகுதி. 1930களின் இறுதியிலும் 40களிலும் அரசு நிறுவனங்கள் எடுத்த வண்ணப் படங்கள் மற்றொரு பகுதி. பெய்ன் படங்கள் பலவற்றில் கண்ணாடித் தகட்டில் கீறிய ஒரு குடும்பப்பெயரைத் தவிர வேறு குறிப்பு கிடையாது. அவற்றைப் பொதுமக்கள் முன் வைத்து, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று நூலகம் கேட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அதுவே வெளியிட்ட அறிக்கையின்படி, படங்கள் 1 கோடியே 4 லட்சம் முறை பார்க்கப்பட்டிருந்தன. 2,873 படங்களின் கீழ் 7,166 கருத்துகள் வந்திருந்தன. நூலகத்தின் சொந்த அட்டவணையில் 500க்கும் மேற்பட்ட பதிவுகள் வாசகர் தந்த தகவலால் திருத்தப்பட்டன. தகாதவை என்று நீக்க வேண்டி வந்தவை 25க்கும் குறைவு.

இந்த எண்களைவிட அந்தத் திட்டத்தின் வரம்புகள்தாம் நமக்குப் பாடம். முழுச் சேகரிப்பையும் திறந்துவிடாமல், ஏற்கெனவே மின்னுருவாக்கம் செய்து தன் இணையதளத்தில் வைத்திருந்த இரண்டு தொகுப்புகளை மட்டும் நூலகம் எடுத்துக்கொண்டது. பதிப்புரிமை நிலை உறுதியாகத் தெரியாத பழைய படங்களுக்கு, அறிந்த வரையில் கட்டுப்பாடு ஏதுமில்லை என்று பொருள்படும் ஒரு புதிய உரிமைக்குறிப்பை ஃபிளிக்கரோடு பேசி உருவாக்கியது. வந்த கருத்துகளைப் படித்து, சரிபார்த்து, அட்டவணையில் ஏற்றும் பணி ஊழியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லை, உரிமை, பொறுப்பு ஆகிய மூன்றும் முதலில் தீர்மானமாயின. துணிவு தானாக வந்தது. மூலப் படமும் அதன் அட்டவணைப் பதிவும் நூலகத்தின் கையிலேயே இருந்ததால், ஃபிளிக்கர் நாளை மூடப்பட்டாலும் இழப்பு பெரிதாக இராது என்ற நிம்மதியும் இருந்தது.

அது காங்கிரஸ் நூலகம், நம் கிளை நூலகத்தில் இருப்பவர் ஒருவர் என்ற மறுப்பு உடனே எழும். நியாயமான மறுப்பு. கதவைத் திறப்பவர், நாளிதழ்களைக் கோப்பில் கோப்பவர், இரவல் பதிவேடு எழுதுபவர், புரவலர்களைத் தேடிப் போகிறவர் எல்லாம் அவரே. அவர் தலையில் ஃபேஸ்புக்கையும் ஏற்றினால் ஏதாவது ஒன்று சரியும். ஆனால் தமிழ்நாட்டின் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்களுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும் என்று யார் சொன்னார்கள்? மாவட்டத்துக்கு ஒன்று போதும். மாவட்ட மைய நூலகத்தில் ஒருவருக்கு, அவருடைய பணிகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு, இந்தப் பொறுப்பைத் தர வேண்டும். கிளை நூலகர் வாரம் ஒருமுறை ஒரு படமும் நான்கு வரியும் அவருக்கு அனுப்பினால் முப்பது கிளைகள் உள்ள மாவட்டத்தில் தினமும் நான்கு பதிவுக்கான சரக்கு இருக்கும். கிளையில் கட்டாயமாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கூகுள் மேப்பில் உள்ள இடக்குறிப்பை நூலகத்தின் பெயரில் உரிமை கோரிப் பெற்று, பெயர், முகவரி, வேலை நேரம், விடுமுறை நாள் ஆகியவற்றைச் சரியாக வைப்பது. ஒருமுறை செய்துவிட்டால், விடுமுறை மாறும்போது மட்டும் தொட்டால் போதும். வழி தேடும் வாசகருக்கு ஆயிரம் ரீல்ஸைவிட இது பயன்படும்.

அடுத்தது, எதைச் சொல்வது என்ற கேள்வி. நம் துறைப் பக்கங்களில் அதிகம் தென்படுவது விழாப் படங்கள்: குத்துவிளக்கு, பொன்னாடை, மேடையில் வரிசையாக விருந்தினர்கள், கீழே அவர்களின் பதவிப் பட்டியல். அதை விருந்தினரும் அவரைச் சேர்ந்தவர்களும் பார்ப்பார்கள்; வாசகர் தேடி வந்த செய்தி அதில் இல்லை. மாறாக, கிளை நூலகம் ஒன்றிலிருந்து இப்படி ஒரு பதிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனத்துக்கு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்கள் குறிப்புதவிப் பிரிவில் இரண்டிரண்டு படிகள் உள்ளன. இங்கேயே அமர்ந்து படிக்கலாம். வீட்டுக்குத் தர இயலாது. பொது அறிவு நூல்கள் இரவல் பிரிவில் உள்ளன. உறுப்பினர் அட்டை இருந்தால் எடுத்துச் செல்லலாம். நாளை மாலை 6 மணி வரை நூலகம் திறந்திருக்கும்.” இதில் அலங்காரம் ஏதும் இல்லை. ஆயினும் இதைப் படித்தவர் ஒரு முடிவெடுக்க முடியும். இரவல் மேசையில் தினமும் கேட்கப்படும் பத்துக் கேள்விகளை ஒரு வாரம் குறித்துவைத்தால் இரண்டு மாதப் பதிவுகளுக்குப் பொருள் கிடைத்துவிடும். குறிப்புதவிப் பணி நமக்குப் புதிதல்ல. அதே பணியை வாசகர் இருக்கும் திரையில் செய்கிறோம், அவ்வளவுதான்.

வசவும் அரசியலும் வந்து விழுமே என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. காங்கிரஸ் நூலகம் நீக்கியவை சொற்பம் என்பதால் நமக்கும் அப்படியே இருக்கும் என்று வாதிடுவது மிகை. பழைய ஒளிப்பட ஆர்வலர்கள் கூடும் தளம் ஒன்று. கட்சிச் சண்டை நடக்கும் தமிழ் ஃபேஸ்புக் வேறொன்று. எனவே கருத்துப் பகுதிக்கும் விதி வேண்டும். தனிமனிதரை இழிவுபடுத்துவது, சாதி, மத வெறுப்பு, விளம்பரம் ஆகியவை நீக்கப்படும் என்று பக்கத்தின் முகப்பிலேயே அறிவித்துவிட வேண்டும். நூலகத்தின் மீதான குறையை மட்டும் ஒருபோதும் நீக்கக் கூடாது. கழிப்பறை சுத்தமாக இல்லை என்று ஒருவர் எழுதினால் அது வசவு அல்ல, புகார். இரண்டு வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். அரசு அமைப்புகளின் சமூக ஊடகப் பயன்பாட்டுக்காக மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை 2012ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நோக்கத்தை வரையறுத்தல், பொறுப்பாளரைக் குறித்தல், சிறிய அளவில் சோதித்துப் பின் விரித்தல் எல்லாம் அதில் உள்ளன. அந்த ஆவணம் டெல்லியிலிருந்து ஊர்ப்புற நூலகரின் மேசைக்கு வந்து சேராததுதான் குறை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின் வேலை.

வாசகரின் அந்தரங்கமும் படைப்பாளியின் உரிமையும் இன்னும் கவனமாக அணுக வேண்டியவை. கோடை முகாமில் படம் வரையும் குழந்தைகளின் முகங்களைப் பெயரோடு வெளியிடுவது நம்மிடம் பரவிவிட்ட வழக்கம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தின் நுணுக்கங்களைப் பற்றி வாதாடுவதைவிட, வரைந்த படத்தைக் காட்டி முகத்தை விட்டுவிடுவது எளிது. வாசகர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதும் அப்படித்தான். குழுவில் ஒருவருடைய எண் எல்லோருக்கும் தெரியும். பெண் வாசகர்கள் விலகுவதற்கு இதுவே காரணமாகலாம். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர் எண்ணைப் பிற பின்தொடர்வோர் பார்க்க முடியாது. பதிப்புரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. எனவே பக்கம் பக்கமாக ஒளிப்படம் எடுத்துப் போடுவது தவறு. ஆனால் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளைத் தயங்காமல் எடுத்தாளலாம். அந்த வரிசை ஒன்றே வாரம் ஒரு எழுத்தாளர் என்று ஆண்டு முழுவதற்கும் போதுமானது.

இதெல்லாம் நூலகத்தின் கண்ணியத்துக்கு ஏற்றதா என்று மூத்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். கேலிப் படங்களும் பரபரப்பும்தான் சமூக ஊடகம் என்றால் அவர்கள் கேட்பது சரியே. 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் ரெடிங் நகரிலுள்ள ஆங்கில ஊரக வாழ்க்கை அருங்காட்சியகம், 1962இல் எடுக்கப்பட்ட பருத்த செம்மறிக் கடா ஒன்றின் படத்தை ஒரு வேடிக்கை வரியோடு ட்விட்டரில் போட்டது. அது உலகம் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்து எல்லோரும் வேடிக்கை எழுதப் புறப்பட்டால் பெரும்பாலும் அசடு வழியும். அங்கே வென்றது தன் சேகரிப்பை நன்கறிந்த ஊழியரும், ஒவ்வொரு வரிக்கும் மேலிடத்துக் கையெழுத்து கேட்காத நிர்வாகமும். கண்ணியம் என்பதை வாசகர் தேடும் நேரத்தில் கிடைப்பது என்றும் கொள்ளலாம். 2023 அக்டோபர் இறுதியில் இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையதளமும் அட்டவணையும் முடங்கியபோது, அந்நிறுவனம் சமூக ஊடகம் வழியாகவே பொதுமக்களிடம் பேசிற்று. அட்டவணை மறுபடி இணையத்துக்கு வர 2024 ஜனவரி பாதியாயிற்று. நம் ஊரில் அவ்வளவு பெரிய விபத்து வேண்டாம். மழைக்கால விடுமுறை அறிவிப்பு ஒன்றே போதும். வாசகரைத் தேடிப் போவது நமக்கு இழுக்கும் அல்ல. நூலகவியல் முன்னோடி ரங்கநாதனின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்த அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபை வடிவமைத்த மாட்டுவண்டி நூலகத்தை ரங்கநாதனே தொடங்கிவைத்தார். வாசகரின் காலத்தை மிச்சப்படுத்து என்ற நான்காம் விதி, திறந்திருக்கிறதா என்று பார்க்க நேரில் வா என்று சொல்ல நம்மை அனுமதிக்கவில்லை.

கைபேசி இல்லாத வாசகர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு விடை எளிது: அறிவிப்புப் பலகை அங்கேயே இருக்கும். நாளிதழ் படிக்க வரும் முதியவருக்கான செய்தியைக் கரும்பலகையில் எழுதாமல் ஃபேஸ்புக்கில் மட்டும் போடுவது சேவைக் குறைபாடு. இரண்டிலும் ஒரே செய்தி, ஒரே நாளில் வர வேண்டும். பயனை அளப்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள் என்று மாதாந்திர அறிக்கையில் கட்டம் போட்டால், எண்ணிக்கைக்காகவே விழாப் படங்கள் திரும்பி வரும். எத்தனை கேள்விகள் வந்தன, எத்தனைக்கு எவ்வளவு நேரத்தில் பதில் தரப்பட்டது, அறிமுகப்படுத்திய நூல் அந்த மாதத்தில் எத்தனை முறை இரவல் போனது என்ற மூன்றைக் கேட்டால் போதும். முதல் இரண்டும் அந்தக் கணக்கிலிருந்தும் மூன்றாவது நம் இரவல் பதிவேட்டிலிருந்தும் எடுக்கக்கூடியவை. ஆறு மாதம் கழித்து மூன்றிலும் அசைவில்லை என்றால் அந்தக் கணக்கை மூடிவிடலாம். மூடுவதற்கான நிபந்தனையும் முதலிலேயே எழுதப்பட்டிருந்தால் தொடங்குவதற்கான துணிவு கூடும்.

ஆகவே மாவட்ட நூலக ஆணைக்குழுக்களிடம் நாம் கேட்பது புதிய நிதியோ புதிய பணியிடமோ அல்ல, ஒரு பக்க ஆணை. பொறுப்பாளர் பெயரும் அவர் இல்லாத நாளில் மாற்றாள் பெயரும் அதில் இருக்க வேண்டும். வேலை நேரம், புதிய நூல் வரவு, நாட்டுடைமை நூல் அறிமுகம், வாசகர் வட்ட நிகழ்ச்சி ஆகிய நான்குக்கும் முன் அனுமதி தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கொள்கை, நிதி, பணியாளர் பற்றிய கேள்விகள் மாவட்ட நூலக அலுவலருக்குப் போகும் என்றிருக்க வேண்டும். கடவுச்சொல் அலுவலகத்தின் சொத்து, பணிமாறுதலின்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அதுவும் சேரும் என்ற வரி மறக்கக் கூடாதது. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை உடனே திருத்தப்பட்டால் அதற்காக நடவடிக்கை இல்லை என்ற வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். நூலகரின் கையை அவிழ்ப்பது அதுவே. நவம்பர் 14இல் தேசிய நூலக வாரம் தொடங்குகிறது. இவ்வாண்டு அந்த வாரத்துக்கான பதாகையை அச்சிடுவதற்கு முன் இந்த ஆணையை அச்சிடுங்கள்.