கொட்டேஷன்ல ஒரு விலை, பில்லுல ஒரு விலை!

போடிநாயக்கனூரில் இருக்கும் என் சித்தி வீட்டு வாசலில் அன்று காலை லாரி வந்து நின்றது. உள்ளே இருந்தது, சித்தி ஒரு வருஷமாகக் காத்திருந்த பாக்கெட் மெஷின். ஏலக்காயைக் கொட்டினால் அளந்து, கவரில் போட்டு, சீல் வைத்துத் தள்ளிவிடும். வீட்டில் ஆரத்தித் தட்டு வரைக்கும் ரெடி. ஆனால், டிரைவர் நீட்டிய பில்லைப் பார்த்ததும் சித்தி முகம் மாறிவிட்டது.

"ஏத்தா, ஒன்னு அறுபதுன்னுதானே பேசுனோம்? இதுல ரெண்டு லட்சத்துக்கு மேல போட்டிருக்கே!"

பில்லை வாங்கிப் பார்த்தேன். மெஷின் 1,60,000 ரூபாய். பேக்கிங் 3,500. லாரி வாடகை 6,000. பொருத்திக் கொடுக்க 5,000. மொத்தத்துக்கும் 18% ஜி.எஸ்.டி 31,410. ஆக, 2,05,910 ரூபாய். சித்தி கொடுத்திருந்த அட்வான்ஸ் 80,000. கையில் வைத்திருந்ததும் இன்னொரு 80,000தான்.

"மீதியைப் போட்டாத்தான் இறக்கச் சொல்லியிருக்காங்கக்கா. நான் மதியத்துக்குள்ள கிளம்பணும்" என்றார் டிரைவர். அவர் மேல் தப்பில்லை.

சித்தி பெரிய வியாபாரி கிடையாது. ஏலக்காயைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, சல்லடையில் சலித்து, காய் பிரித்து, 50 கிராம், 100 கிராம் பாக்கெட்டாகப் போட்டுத் தேனி, மதுரைக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அவரும் பக்கத்துத் தெரு அக்காக்கள் இரண்டு பேரும்தான் மொத்த கம்பெனியே. அந்த அட்வான்ஸே நகையை அடகு வைத்துக் கொடுத்தது.

விற்கும்போது திரை, வாங்கும்போது இருட்டு

போடியில் ஏலக்காய் விலை ரகசியம் இல்லை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இங்கேயும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் நடக்கிறது. குவியல் குவியலாக எண் போட்டு, சாம்பிளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வியாபாரிகள் காயின் பருமனையும் நிறத்தையும் பார்த்து விலை கேட்க, அது திரையில் ஏறும். 2019 ஆகஸ்ட்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனதைப் போடிமெட்டு டீக்கடையில்கூட இன்னும் பேசுவார்கள்.

ஆனால், அந்தக் காயைக் காய வைக்கும் டிரையர், தரம் பிரிக்கும் மெஷின், பாக்கெட் போடும் மெஷின் இதற்கெல்லாம் திரை கிடையாது. ஒரே மெஷினுக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்வார்கள். யார் விலையில் எது சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை என்று நாம்தான் தோண்ட வேண்டும்.

சித்தியின் போனில் அந்தக் கொட்டேஷனைத் தேடி எடுத்தேன். கடைசியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒன்று, வரி தனி. இன்னொன்று, 'எக்ஸ் வொர்க்ஸ்'. அதாவது, சொன்ன விலை அவர்கள் தொழிற்சாலை வாசல் வரைக்கும்தான். அங்கிருந்து போடி வருகிற செலவு நம்முடையது. ஆக, பேக்கிங், லாரி, வரி எல்லாம் நம் தலையில்தான். ஜி.எஸ்.டி பதிவு இருப்பவர் இந்த வரியை விதிகளுக்கு உட்பட்டுத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத சித்திக்கு அது முழுக்கச் செலவு.

ஆனால், வாட்ஸ்அப்பில் இன்னொன்றும் கிடைத்தது. "வந்து பொருத்தி ஓட்டிக் காமிப்பீங்களா தம்பி, அதுக்கு எவ்வளவு?" என்று சித்தி கேட்டிருக்கிறார். "அது ஃப்ரீதான் மேடம்" என்று பதில். அந்த மெசேஜை அனுப்பிவிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டோம். அரை மணி நேரம் இழுத்தார்கள். கடைசியில் அந்த 5,000 ரூபாயும், அதற்கான வரி 900 ரூபாயும் குறைந்தது. திருத்திய பில் 2,00,010 ரூபாய். கையில் இருந்தது போக 40,010 ரூபாய்க்கு சித்தியின் செயின் மறுபடியும் அடகுக் கடைக்குப் போனது.

கோர்ட்டுக்குப் போயிருந்தால்?

எனக்கு இந்தக் கேள்வி விடவே இல்லை. தேடியபோது கிடைத்தது நம்ம கோவை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு. 1990-ல் லட்சுமி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் என்ற நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் ஒரு சி.என்.சி மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தது. தாமதமாக வந்தது, குறை இருக்கிறது என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. மகாராஷ்டிர மாநில ஆணையம் வாங்கியவர் பக்கம் நின்றது. தேசிய ஆணையம் அதை மாற்றியது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேசிய ஆணையத்தின் முடிவையே உறுதி செய்தது. மெஷின் நல்லதா, கெட்டதா என்ற பேச்சுக்கே நீதிமன்றம் போகவில்லை. பெரிய அளவில் லாபத்துக்காக வாங்கியவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார், வேறு சட்ட வழியில் போகலாம் என்றது.

ஆனால், அதே தீர்ப்பு சின்ன ஆட்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவர், தானே வேலை செய்ய லேத் வாங்குபவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போய்விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சுயதொழில் செய்து பிழைக்க வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பேசிய விலைக்கு மேல் வாங்குவதும் அந்தச் சட்டப்படி புகாருக்குரியதே. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பேசலாம்.

சித்தி அந்த வரையறைக்குள் வருவார். ஆனால், கையில் ஆதாரம் என்று இருந்தது அந்த ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்தான்.

அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி...

* "எங்க வாசல்ல இறக்கி, ஓட்டிக் காமிச்சு, வரியோட மொத்தம் எவ்வளவு?" இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் ஒரே தொகையாக, எழுத்தில் வரட்டும். போனில் பேசியதை உடனே மெசேஜாகவும் அனுப்பிவிடுங்கள்.

* கொட்டேஷன் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள். இடையில் வரி மாறினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி விகிதங்கள் மாறியது நினைவிருக்கும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், கூடுகிற வரியை விற்பவர் கேட்கலாம், குறைகிற வரியை நாம் கழிக்கலாம் என்கிறது 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம்.

* முழுப் பணத்தையும் லாரி வாசலில் கொடுக்கும்படி ஒத்துக்கொள்ளாதீர்கள். மெஷின் ஓடிய பிறகு கொடுக்கக் கொஞ்சம் தொகை நிற்கட்டும்.

* குறை இருந்தால் மெஷின் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள். விற்பவர் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர் என்றால் இது ரொம்ப முக்கியம். எம்.எஸ்.எம்.இ சட்டப்படி எதுவும் சொல்லாமல் பணத்தை மட்டும் நிறுத்தினால், வட்டி நம் மேல் ஏறும். அதுவும் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, கூட்டு வட்டி.

* "லோனுக்காக விலையை ஏத்திக் கொட்டேஷன் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ திட்டத்தில் குறு உணவுத் தொழிலுக்கு 35%, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. அதற்கு உண்மையான விலையே போதும். பொய் விலையில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு விலைத் தகராறு வந்தால் நாம் வாயே திறக்க முடியாது.

மெஷின் இப்போது ஓடுகிறது. அக்காக்கள் இரண்டு பேருக்கும் வேலை போய்விடவில்லை. காய் பிரிக்க மனிதக் கண் வேண்டும் என்கிறார் சித்தி. செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

போன வாரம் எடை மெஷின் விலை கேட்டு சித்தி ஒரு கடைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, போடி வந்து சேர, வரியோட, எல்லாம் சேர்த்து ஒரே விலையா சொல்லுங்க. வாயில வேணாம், எழுதி அனுப்புங்க."