ஒரு சொல், பல அர்த்தம்: பாஸிடிவ்

'பாஸிடிவாக இரு' என்றால் நல்லதையே நினை. 'ஐ ஆம் பாஸிடிவ்' என்றால் நிச்சயமாகத் தெரியும். ஆனால் பரிசோதனைச் சீட்டில் இதற்கு 'உண்டு' என்பது மட்டுமே அர்த்தம். கர்ப்பம் என்றாலும் பாஸிடிவ்தான், காசநோய்க் கிருமி என்றாலும் பாஸிடிவ்தான்!

சளிப் பரிசோதனையில் 'நெகடிவ்' என்று வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் அழுதேவிட்டாள், பாவம். "கிருமி தென்படலேன்னு அர்த்தம்மா" என்றேன்.

ரத்தப் பிரிவில், சிவப்பணுக்களில் ஆர்.ஹெச். என்ற பொருள் இருந்தால் பாஸிடிவ், இல்லாவிட்டால் நெகடிவ். நெகடிவ் என்பது குறையே அல்ல. ஆனாலும் தாய் நெகடிவ், குழந்தை பாஸிடிவ் என்றால், பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு 'ஆன்டி-டி' ஊசி போடவேண்டும். அடுத்த குழந்தைக்கு அதுதான் காப்பு. கருச்சிதைவு ஆனாலும் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.