பிணத்துக்கும் பெயர் உண்டு

மாடிப்படியில் இரண்டு படிகளை ஒரே படியென்று எண்ணி இறங்கியதன் பலன், என் வலது கால் மூன்று வாரம் மாவுக்கட்டுக்குள் இருந்தது. அந்த மூன்று வாரமும் தமக்கை வீட்டுக் கூடத்தில் கிடந்தேன். எழுதவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. இப்படிப்பட்டவனை விட்டால் வேறு நல்ல ரசிகன் எங்கே கிடைப்பான்? தமக்கையின் மகன் ஆபீஸிலிருந்து வந்ததும் தினம் ஒரு படம், சனி ஞாயிறுகளில் இரண்டு என்று டெலிவிஷனில் போட்டுக் காட்டினான். அவன் மர்மப் படப் பிரியன். கொலை இல்லாத படம் அவனுக்கு உப்பில்லாத கூழ். ஆகவே இருபத்தொரு நாட்களில் நான் எத்தனை கொலைகளுக்குச் சாட்சியாக இருந்தேன் என்று கணக்குச் சொன்னால், போலீஸார் என்னை விசாரிக்க வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் இரவு, மிஷ்கின் டைரக்ட் செய்து 2020-ல் வெளிவந்த 'சைக்கோ' ஓடிற்று. பெண்களைக் கடத்தித் தலையை வெட்டி, முண்டத்தை மட்டும் ஊரார் காணும் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவனைப் பற்றிய கதை. படம் முடிந்ததும் என் மருமான் இளையராஜாவின் சங்கீதத்தை மெச்சினான். நான் ஒளிப்பதிவை மெச்சினேன். அடுப்பங்கரைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே பாதிப் படம் பார்த்த என் தமக்கை, நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டா, முதல்லே ஒருத்தி செத்தாளே, அவ யாருடா?"

நானும் மருமானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெயர் நினைவில்லை. ஊர் நினைவில்லை. அவள் என்ன வேலை பார்த்தாள், யாருக்குப் பெண், எங்கே புறப்பட்டு எங்கே போய்க்கொண்டிருந்தவள், ஒன்றும் தெரியவில்லை.

"அது கதைக்கு முக்கியமில்லேம்மா" என்றான் மருமான்.

"செத்தவ முக்கியமில்லேன்னா, அப்புறம் யாருடா முக்கியம்?" என்று சொல்லிவிட்டு அவள் தயிருக்கு உறை ஊற்றப் போய்விட்டாள்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கால் வலி என்று வீட்டில் நினைத்தார்கள். அது கால் வலியல்ல.

யார் முக்கியம் என்ற கேள்விக்கு நம்முடைய மர்மப் படங்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே விடையைத்தான் சொல்லி வருகின்றன: கொன்றவனே முக்கியம். அவனுக்கு ஊர் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, கண்ணீர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக அவனுக்கு ஒரு பிள்ளைப் பருவம் உண்டு. 1978-ல் வந்த பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம், பெண்களைக் கொன்று புதைத்து அதன் மேல் ரோஜாச் செடி வளர்க்கிறான். ஏன் கொல்லுகிறான்? சிறு வயதில் பெண்களால் அவமானப்பட்டானாம். 1980-ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. அங்கேயும் கொலைகாரனுடைய கதை, தகப்பனின் நடத்தையால் தாய் பட்ட துன்பத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு சிறுவனிடம் போய் முடிகிறது. நாற்பது வருஷம் கழித்து 'சைக்கோ'. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை இழைத்த கொடுமையாம்! கொலைகாரன் கையில் சிக்கிய கதாநாயகியே அவனைப் பார்த்து இரக்கப்படுகிறாள். மூன்று படத்துக்கும் சங்கீதம் இளையராஜா. அவரை நான் குறை சொல்லவில்லை. மெட்டுக்களாவது மாறின, கதைதான் மாறவில்லை.

ஒரு மனிதனுடைய பிள்ளைப் பருவத்தைச் சொல்லுவது என்பது அவனுக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை. 'இவனும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன்' என்று அதற்கு அர்த்தம். கொலைகாரனுக்கு அந்த மரியாதையைச் செய்யுங்கள்; வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அவன் வெட்டிப் போட்டவளும் ஒரு தாய் வயிற்றில்தானே பிறந்தாள்? அவளுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கக் கூடாதா? 'சைக்கோ'வில் செத்த பெண்களுக்குத் தலையே இல்லாமற் போனது தற்செயல் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. கதை எழுதியவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தத் தலைகள் தேவைப்படவில்லை.

2018-ல் வந்த ராம்குமாரின் 'ராட்சசன்' படத்தையும் பார்த்தேன். கெட்டிக்காரத்தனமான படம், முழங்காலைக் கட்டிப் போட்டிருந்த நிலையிலும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பள்ளி மாணவிகள் ஒவ்வொருவராகக் கடத்திக் கொல்லப்படுகிறார்கள். அவர்களில் அம்மு என்ற பெண், துப்பறியும் போலீஸ்காரனுடைய அக்காள் மகள். அவள் செத்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. மற்றப் பெண்கள் செத்தபோது அடைக்கவில்லை. ஏன்? அம்முவோடு நாம் பழகியிருந்தோம். அவள் வீட்டில் நாமும் உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் நமக்குப் பள்ளிச் சீருடைகள்தாம். செத்தவளை நமக்குத் தெரிந்திருந்தால்தான் கொலை கொலையாக இருக்கிறது. இல்லாவிட்டால் அது வெறும் புதிர். இதை அந்த டைரக்டர் அறிந்திருக்கிறார் என்பதற்கு அம்முவே சாட்சி. அறிந்தும் என்ன செய்தார்? கடைசியில் விஸ்தாரமான பூர்வ கதையைக் கொலைகாரனுக்குத்தான் கொடுத்தார்.

அந்தப் பூர்வ கதையில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கொலைகாரனுக்கு வெர்னர் நோய் என்கிறார்கள். இளவயதிலேயே முதுமை தட்டுகிற ஓர் அபூர்வமான பரம்பரை நோய் அது. உண்மையில் அந்த நோய் கண்டவர்கள் சீக்கிரம் நரைக்கிறார்கள். கண்ணில் புரை விழுகிறது. பலர் ஐம்பதுகளிலேயே உயிர் விடுகிறார்கள். பாவம், யாரையும் கொல்லுவதற்கு அவர்களுக்கு அவகாசமும் இல்லை, காரணமும் இல்லை. பயமுறுத்துவதற்கு ஒரு முகம் வேண்டும் என்பதற்காக நோயாளியின் முகத்தை எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

இந்த இடத்தில் இலக்கியம் படித்த நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "குற்றவாளியின் மனத்தை ஆராய்வதுதானே உயர்ந்த இலக்கியம்? தாஸ்தாயெவ்ஸ்கி செய்யவில்லையா?" என்பார்கள். செய்தார். 1866-ல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில், ரஸ்கோல்னிகோவ் வட்டிக்காரக் கிழவியைக் கொல்லுகிறான். தற்செயலாக அங்கே வந்துவிட்ட அவள் தங்கை லிஸவெத்தாவையும் கொல்லுகிறான். நம் படக்காரர்களாயிருந்தால் லிஸவெத்தாவை அந்த அறையிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தாஸ்தாயெவ்ஸ்கி விடவில்லை. சோனியா அவனுக்குப் படித்துக் காட்டுகிற வேத புத்தகம் யார் கொடுத்தது? லிஸவெத்தா கொடுத்தது. சோனியாவிடம் இருக்கும் சிலுவை யாருடையது? லிஸவெத்தாவுடையது. செத்தவள் புத்தகம் முழுவதும் நடமாடுகிறாள். அவளுடைய பொருள்களின் வழியாகவே கொன்றவனுக்குக் கதிமோட்சம் வருகிறது. அது குற்றவாளியின் மனத்தை ஆராய்வது. நம்மவர்கள் செய்வது குற்றவாளிக்கு வக்காலத்து.

அமெரிக்காவைப் பார் என்பார்கள். சரி, பார்க்கிறேன். எந்தப் படத்தின் பெயரை இங்கே கடன் வாங்கினார்களோ, அந்த 1960-ம் வருஷத்து 'சைக்கோ'வில் ஹிட்ச்காக் என்ன செய்தார்? கொலையாகப் போகிற பெண்ணோடு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நம்மைக் குடித்தனம் நடத்த வைத்தார். அவளுடைய காதல், பணக் கஷ்டம், திருட்டு, திருடியதற்காக அவள் படும் வேதனை எல்லாம் நமக்குத் தெரியும். திரும்பிப் போய்விடலாம் என்று அவள் தீர்மானம் செய்த பிறகுதான் கத்தி விழுகிறது. அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. பெயரைக் கடன் வாங்கியவர்கள் அந்த முக்கால் மணி நேரத்தையும் சேர்த்து வாங்கியிருக்கலாம்.

அமெரிக்கா வரை போவானேன்? 1954-ல் எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்து ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' இருக்கிறதே! பாட்டுக் கிடையாது, நடனம் கிடையாது. 1943-ல் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் நடக்கிற கதை. ஆரம்பத்திலேயே ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பிறகு படம் முழுவதும் நடப்பது என்ன? அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசை நாயகி, மனைவி என்று ஒவ்வொருவராக வந்து, செத்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லுகிறார்கள். கொன்றது யார் என்று தேடிப் போன நாம், செத்தது யார் என்று தெரிந்துகொண்டு வருகிறோம். முடிவைச் சொல்ல மாட்டேன். எழுபது வருஷம் ஆனாலும் மர்மம் மர்மந்தான். ஆனால் ஒன்று சொல்லுவேன். அந்தப் பிணம் சிவாஜி கணேசனாக இருந்ததால்தானோ என்னவோ அதற்கு அத்தனை மரியாதை! அம்பத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண்ணுக்கும் அதே மரியாதை உண்டு என்பதுதான் என் கட்சி.

படித்தவர்கள் இளக்காரமாகப் பேசுகிற பேய்ப் படத்தில் அந்த மரியாதையை நான் கண்டேன் என்றால் சிரிப்பீர்கள். 2011-ல் வந்த ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா'வில் கூச்சலும் ஓட்டமும் அசட்டு ஹாஸ்யமும் ஏராளம். எனக்குத் தலைவலிகூட வந்தது. ஆனால் அந்தப் பேய் யார்? நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைத்தவள். சரத்குமார் நடித்த அந்தக் காஞ்சனாவின் வாழ்க்கையைப் படம் நின்று நிதானித்துச் சொல்லுகிறது. கொன்றவனுடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

இது தற்செயலல்ல, நம் ஜனங்களின் பழைய வழக்கம். தென் மாவட்டங்களில் அநியாயமாகச் செத்தவர்களுக்கு மரத்தடியில் ஒரு பீடம் கட்டிக் கும்பிடுகிறார்கள். கொடை நாளில் வில்லுப்பாட்டுக்காரர் விடிய விடியப் பாடுவது செத்தவளின் கதையைத்தான்: அவள் பிறந்தது, வளர்ந்தது, நம்பினது, ஏமாந்தது, விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்திருந்தது, அநியாயமாகச் செத்தவளுடைய கதையைச் சொல்லாவிட்டால் ஊருக்கு ஆகாது என்று. நாம் கும்பிடவும் வேண்டாம், கொடை கொடுக்கவும் வேண்டாம். கதையையாவது சொல்லலாமே.

"இரண்டு மணி நேரத்தில் எத்தனைதான் சொல்லுவது?" என்று சமாதானம் சொல்லுகிறவர்களுக்கு இப்போது டெலிவிஷன் தொடர்களே பதில் சொல்லிவிட்டன. 2022-ல் வந்த 'சுழல்' எட்டுப் பகுதிகள். சிமெண்டு ஆலை எரிந்த இரவில் காணாமற் போகிற நிலா என்ற பெண், முதலில் தேடப்படும் ஒரு பொருளாகத்தான் இருக்கிறாள். மயானக் கொள்ளைத் திருவிழா நடக்க நடக்க, அவள் வாய் திறந்து சொல்லாமலே சுமந்தது என்ன என்று நமக்குத் தெரிய வருகிறது. அதே வருஷக் கடைசியில் வந்த 'வதந்தி'யும் எட்டுப் பகுதிகள். கொல்லப்பட்ட வெலோனியைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். எழுத்தாளர் ஒருவரும் தம் பங்குக்குச் சொல்லுகிறார், நாசர் நடித்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. இழுவையும் மிகையும் இந்தத் தொடர்களில் உண்டு. ஆனால் செத்தவள் யார் என்பதே கேள்வி என்று அவை ஒப்புக்கொள்கின்றன. நேரம் இருந்தால் போதாது, மனம் வேண்டும். இவர்களுக்கு இரண்டும் இருந்தன.

வழக்கறிஞர் நண்பர் ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். "பலாத்காரத்துக்கு ஆளானவள் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். நீர் பெயரைச் சொல்லு என்கிறீரே?" என்றார். வாஸ்தவம். பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024-ல் அமலுக்கு வந்த புதிய நியாய சம்ஹிதையிலும் 72-வது பிரிவாக இருக்கிறது. ஆனால் சட்டம் பெயரை மறைப்பது அவள் மனுஷி என்பதற்காக. கதைக்காரன் பெயரை மறப்பது அவள் மனுஷி என்பதே ஞாபகமில்லாததால். இரண்டும் ஒன்றாகுமா?

இவ்வளவும் எழுதிவிட்டு, என் கணக்கையும் காட்டாமற் போனால் தமக்கை முகத்தில் விழிக்க முடியாது.

இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதினேன். முதல் அத்தியாயத்தில் ஒரு லாட்ஜ் அறையில் டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி செத்துக் கிடப்பாள். கழுத்து, கூந்தல், கலைந்த புடைவை என்று அரைப் பக்கம் வர்ணித்திருந்தேன். படம் போட்ட ஓவியருக்கும் எனக்கும் நல்ல பெயர். பதினெட்டு வாரம் ஓடிற்று. முடிந்தபின் திருச்சியிலிருந்து ஒரு பெண்மணி கார்டு எழுதியிருந்தார். இரண்டே வரி. முதல் அத்தியாயத்தில் செத்தவள் சுசீலா, ஆறாவது அத்தியாயத்திலிருந்து சுகுணா. செத்தது எந்தப் பெண் என்று தெரிவித்தால் நலம்.

எடுத்துப் பார்த்தேன். வாஸ்தவந்தான். நான் கவனிக்கவில்லை, ஆசிரியர் கவனிக்கவில்லை, அச்சுக் கோத்தவரும் கவனிக்கவில்லை. என் துப்பறியும் நிபுணருடைய சிகரெட் என்ன ஜாதி என்பதில் மட்டும் பதினெட்டு வாரமும் பிசகே இல்லை! அந்தக் கார்டுக்கு நான் பதில் போடவில்லை. வெட்கமாக இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அன்று வந்தது கோபம்.

அந்தக் கதையை மறுபடி அச்சிடுவதாகப் பதிப்பாளர் சென்ற வாரம் புரூப் அனுப்பியிருக்கிறார். பெயரைச் சுசீலா என்று திருத்திவிட்டேன். திருத்தியதும்தான் தெரிந்தது, அவளைப் பற்றி எனக்கும் வேறு ஒன்றுமே தெரியாது என்பது. அவள் ஊர் எது, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினாள், விடுதியில் கிடந்த அவளுடைய டிரங்குப் பெட்டியை யார் வந்து எடுத்துப் போனார்கள் என்பதையெல்லாம் இனிமேல்தான் நான் விசாரிக்க வேண்டும். முன்னால் இரண்டு அத்தியாயம் கூடும் என்று எழுதினேன். கதையின் வேகம் குறைந்துவிடும் என்று பதிப்பாளர் ஆட்சேபித்திருக்கிறார்.

குறையட்டும்.