வாசலில் பொறித்த பாதி வசனம்

வளைகுடா வருவாயில் எழும்பிய நம் ஊர் வீடுகள் பலவற்றின் முகப்பில் ஓர் அரபு வாசகம் கிரானைட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். இது இறைவனின் அருளால் வாய்த்தது என்பது அதன் பொருள். அது ஸுலைமான் (அலை) அவர்களின் சொல்; குர்ஆனின் 27ஆம் அத்தியாயமான அந்நம்லில் வருகிறது. ஸபா நாட்டு அரசியின் அரியணை கண்ணிமைக்கும் நேரத்தில் தம் முன்னால் வந்து நின்றபோது அவர்கள் அவ்வாறு கூறினார்கள். அத்தோடு நிறுத்திவிடவில்லை. தாம் நன்றி செலுத்துகிறோமா, நன்றி மறக்கிறோமா என்று சோதிக்கவே இது தரப்பட்டது என்றும் அடுத்த சொல்லிலேயே சேர்த்துக்கொண்டார்கள். நாம் முன்பாதியைக் கல்லில் வெட்டினோம். பின்பாதிக்குச் சுவரில் இடமில்லாமற் போயிற்று!

செல்வத்தை அல்லாஹ்வின் திருப்திக்குச் சான்றிதழாகவும், இடரை அவனுடைய கோபத்துக்கு அடையாளமாகவும் வாசிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. கத்ரை நம்புவதாகச் சொல்லிக்கொண்டே, அவனுடைய ஏட்டை நாமே திறந்து படிக்கிறோம். கடை நொடித்தவரிடம் ஸகாத்தை ஒழுங்காகக் கொடுத்தீரா என்று விசாரிக்கிறோம். தலாக்காகித் தாய்வீடு திரும்பிய பெண்ணின் காதுபட, எந்தப் பாவத்தின் பலனோ என்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று நாகூரிலும் காரைக்காலிலும் கடல் புகுந்தபோதும், இது தண்டனை என்று பேசிய நாவுகள் உண்டு. அலை வாரிச் சென்றவர்களில் பால் மணம் மாறாத குழந்தைகளும் இருந்தார்கள்.

அல்லாஹ்வின் ஆட்சியதிகாரத்தை ஏற்பதாகுமா இது? அவனுடைய இருக்கையில் நாம் ஏறி அமர்ந்துகொள்வதாகும்.

89ஆம் அத்தியாயமான அல்ஃபஜ்ர் இந்த மனநிலையையே எடுத்துக்காட்டுகிறது. அருள் பெற்ற மனிதன் தன் இறைவன் தன்னைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்கிறான். ரிஸ்க் சுருங்கியதும் இழிவுபடுத்திவிட்டான் என்கிறான். 'கல்லா' என்ற ஒரே சொல்லால் இரண்டும் மறுக்கப்படுகின்றன. நொந்தவனின் புலம்பலோடு, மகிழ்ந்தவனின் பெருமிதமும் சேர்ந்தே அடிபடுவதை நம்மில் எத்தனைபேர் கவனித்திருக்கிறோம்?

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே மரணமடைந்தார். அன்று சூரிய கிரகணம் நேர்ந்தது. அம்மரணத்துக்காகவே சூரியன் ஒளியிழந்தது என்று மதீனா மக்கள் பேசிக்கொண்டார்கள். துயரத்தில் இருந்த ஒரு தந்தைக்கு அது ஆறுதலான பேச்சு. மௌனமாக இருந்திருந்தாலே அது நிலைத்திருக்கும். ஆயினும் சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. தம் வீட்டுத் துயருக்கு வானத்திலிருந்து விளக்கம் கற்பிக்க அவர்கள் இசையவில்லை. அண்டை வீட்டுத் துயருக்கு நாம் கற்பிக்கிறோம். அம்மகனுக்காக அவர்கள் கண்ணீரும் விட்டார்கள். அதைக் கண்டு வியந்த தோழரிடம், இது இரக்கம் என்றார்கள். மய்யித்து வீட்டில் அழும் தாயிடம் ஈமான் குறைவு என்று கடிந்துகொள்பவர்கள் யாருடைய சுன்னத்தைப் பின்பற்றுகிறார்களோ, நாம் அறியோம்.

ஆது, ஸமூது கூட்டத்தார் தண்டிக்கப்பட்டது குர்ஆனில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அதனை அறிவித்தது வஹீ. நமக்கு வஹீ வருவதில்லை. தனக்கு நேர்ந்த இடரில் ஒருவர் தம் பிழையை எண்ணிப் பார்த்து தவ்பா செய்வது வேறு. பிறருடைய இடருக்கு நாம் தீர்ப்பெழுதுவது வேறு.

'கல்லா' என்று மறுத்தபின் அல்ஃபஜ்ர் எங்கே திரும்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அநாதையை நீங்கள் கண்ணியப்படுத்துவதில்லை, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டுவதில்லை, வாரிசுச் சொத்தை வாரி விழுங்குகிறீர்கள் என்று குற்றஞ்சாட்டுகிறது. அந்நிஸா 11ஆம் வசனம் தந்தையின் சொத்தில் மகனுக்குரிய பங்கில் பாதியை மகளுக்கு விதித்திருக்கிறது. கல்யாணத்துக்குத்தான் செலவழித்தோமே என்று சொல்லி, அந்தப் பாதியையும் சகோதரியிடம் கையெழுத்து வாங்கித் தமதாக்கிக்கொண்டவர்கள் எல்லா மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். அம்மனையில் எழும்பிய வீட்டையும் இறையருள் என்றே அழைக்கிறார்கள். பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்கள் சொல்லே எடுபடுகிறது.

கடை நொடித்தவரிடம் நாம் கேட்கத் தகுந்தவை வேறு. கடன் எவ்வளவு நிற்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா, இந்த மாத வாடகைக்கு என்ன வழி?